எல்லாத் துறையும் சேர்ந்து ஏறிய மலை

நார்த்தாமலையைப் பற்றி இன்று தெரிந்த அளவு எங்கள் ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்காது. கல்வெட்டு, கட்டடக் கலை, தாவரவியல், நிலவியல் என்று ஒவ்வொரு துறையும் தன் பங்குக்கு இந்த மலையைத் துருவிப் பார்த்துவிட்டது. அந்த வளர்ச்சியில் எனக்குக் குறையே கிடையாது. ஆனாலும் அதன் குன்றுகளில் ஒன்றான மேலமலையின் சரிவில் ஏறும்போதெல்லாம் மனம் பின்னால் போகிறது. இத்தனை துறைக்காரர்களும் ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுக்கொண்ட காலத்துக்காக ஏங்குகிறது.

நார்த்தாமலை இருந்த புதுக்கோட்டை சிறிய சமஸ்தானம். ஆனால் 1910லேயே அதற்கு ஓர் அருங்காட்சியகம் இருந்தது. 1929ல் தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளின் மூலபாடங்களை அரச மரபு வாரியாகத் தொகுத்து அச்சிட்டது. அதன்பின் கே.ஆர். வேங்கடராமையர் எழுதிய சமஸ்தானக் கையேடு 1938 முதல் 1944 வரை பகுதி பகுதியாக வந்தது. பாறையும் மண்ணும், மழையும் காடும், பயிரும் வரியும், கோயிலும் திருவிழாவும் அதில் அடுத்தடுத்து வரும். ஊரை அறிய இதெல்லாம் சேர்ந்தே வேண்டும் என்பது அந்தத் தலைமுறையின் எண்ணம். அருகிலிருக்கும் சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்க்க வந்தவர்களில் வேதியியலாளர் எஸ். பரமசிவனும் ஒருவர். கலை ரசிகர்கள் தாமரைக் குளத்தைக் கண்டு வியந்துகொண்டிருந்த இடத்தில் அவர் சுண்ணச் சாந்தையும் வண்ணத்தையும் ஆராய்ந்தார். இந்த வட்டாரத்து ஈமச்சின்னங்களில் தொடங்கிய கே.ஆர். சீனிவாசன், பிறகு பல்லவர் குடைவரைகளுக்கே பெரிய அறிஞரானார்.

மேலமலைக் கோயிலும் ஒரு துறைக்குள் அடங்குவதல்ல. விஜயாலய சோழீசுவரம் மேற்குப் பார்த்த கற்றளி. வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். சுற்றிலும் இருந்த சிறு கோயில்களில் ஆறு இன்னும் நிற்கின்றன. பெயரைக் கேட்டதும் முதல் பெரிய சோழன் கட்டியது என்றுதான் தோன்றும். அங்குள்ள கல்வெட்டோ, சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையன் எடுப்பித்த கோயில் மழையில் சிதைந்ததாகவும், மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பித்ததாகவும் சொல்கிறது. அருகிலுள்ள பழியிலி ஈசுவரம் என்ற குடைவரையைக் குடைந்தவர், சிற்றரசர்களான முத்தரையர் குடும்பத்துச் சாத்தன் பழியிலி. பல்லவன் நிருபதுங்கனின் 7ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில் அந்தச் செய்தி இருக்கிறது. அவருடைய மகள் சிறியநங்கை அங்கே திருப்பணி செய்ததையும் அதே கல்வெட்டிலிருந்துதான் அறிகிறோம்.

விஜயாலய சோழீசுவரம் சோழர் கோயிலா, முத்தரையர் கோயிலா என்ற வழக்கு இங்கேதான் பிறந்தது. எஸ்.ஆர். பாலசுப்ரமணியம் முற்காலச் சோழர் கலையில் இதைச் சேர்த்தார். கே.வி. சௌந்தரராஜன் முத்தரையர் பக்கம் நின்றார். எழுத்தின் வடிவம், போதிகையின் வளைவு, கொடுங்கையின் கனம், மெய்க்கீர்த்தி இல்லாத மௌனம் என்று எல்லாச் சாட்சிகளும் விசாரணைக்கு வந்தன. ஒரு துறையால் மட்டும் தீர்ப்பு எழுத முடியவில்லை.

அப்புறம் துறைகள் வேகமாக வளர்ந்தன. 1967ல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் தாவர உலர்காட்சியகம் தொடங்கியது. அருட்தந்தை கே.எம். மாத்யூ தமிழகச் சமவெளித் தாவரங்களைப் பல தொகுதிகளில் ஆவணப்படுத்தினார். 1978ல் நொபுரு கராஷிமா, எ. சுப்பராயலு, மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆள் பெயர்களுக்கு மூன்று தொகுதியில் அடைவு தந்தார்கள். 1981ல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் வந்தது. கல்வெட்டியலுக்குத் தனித்துறையும் வந்தது. முன்பு ஓர் ஆயுள் முழுக்கத் தேடிய ஒரு பெயரை இப்போது ஒரு பிற்பகலில் கண்டுபிடித்துவிடலாம்.

எழுபதுகளில் எங்கள் கல்லூரியிலிருந்து இந்த மலைக்கு வருவோம். தமிழ் ஐயா, வரலாற்று சார், தாவரவியல் சார் மூவரும் ஒரே பேருந்தில் எங்களோடு இருப்பார்கள். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்போம். தாள் காயும் நேரத்தில்தான் பேச்சு. தமிழ் ஐயா ஒரு மரத்தின் பெயரைச் சொல்வார், தாவரவியல் சார் மரத்தையே காட்டுவார். சாய்வெயில் விழுந்தால் எழுத்து தெளியும் என்று வரலாற்று சார் எங்களை மாலைவரை உட்கார்த்தி வைப்பார். வெயில் சாயும்வரை காத்திருந்ததும் எங்களுக்குப் பாடமாகவே இருந்தது.

இப்போதும் மாணவர்கள் வருகிறார்கள், துறை துறையாக. வரலாற்றுப் பிள்ளைகள் கைப்பேசியில் கோயிலைப் படம் பிடிக்கிறார்கள். தாவரவியல் பிள்ளைகள் காப்புக்காட்டோரம் இலை பார்த்துவிட்டு மலை ஏறாமலே திரும்புகிறார்கள். ஒருவர் கையேட்டை மற்றவர் புரட்டுவதில்லை. அந்தந்தத் துறைக்குத் தேர்வு உண்டு, மதிப்பெண் உண்டு. சேர்ந்து ஏறுவதற்கு எந்தப் பாடத்திட்டத்திலும் மதிப்பெண் கிடையாது.

இது வெறும் பழங்கதை ஆசையாகத் தோன்றலாம். ஆனால் இந்த வட்டாரத்துக் கல் குவாரிகளைப் பாருங்கள். ஒரு பாறையை உடைக்கலாமா கூடாதா என்று கேட்டால் நிலவியலாளருக்கு ஒரு பதில், கல்வெட்டாளருக்கு ஒன்று, காட்டை அறிந்தவருக்கு இன்னொன்று. அந்தப் பாறைமேல் சுனை இருக்கலாம், சமணப் படுக்கை இருக்கலாம், உலர்பசுமைக் காட்டின் கடைசி மரம் நிற்கலாம். தனித்தனி அறிக்கைகளில் தனித்தனியே பதிவாகும் இவற்றை ஒரே பார்வையில் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சைக் கல்லூரிகளில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு நாள் நான்கு துறை மாணவர்களையும் ஒரே பேருந்தில் ஏற்றி நார்த்தாமலைக்கு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் நால்வரும் சேர்ந்து ஒரே அறிக்கை எழுதட்டும். அதற்கும் மதிப்பெண் போடுங்கள்.