பில் ஏன் திரையில் ஓடியது?

மருந்து மொத்த விற்பனைக் கடை ஒன்றில் பழைய டெர்மினல்களை எடுத்துவிட்டு, விண்டோஸ் கம்ப்யூட்டரில் புட்டி மென்பொருள் வழியாக அதே யூனிக்ஸ் பில்லிங்கைத் திறந்தார்கள். எல்லாம் வேலை செய்தது, பில் மட்டும் அச்சாகவில்லை. தாளில் விழ வேண்டிய வரிகள் திரையில் சரசரவென ஓடி மறைந்தன. கடைக்காரர் பிரிண்டரைத் திட்டினார். சர்வரைப் பார்த்துக்கொள்பவர் கேபிளைச் சந்தேகப்பட்டார். இரண்டிலும் ஒரு கோளாறும் இல்லை.

காரணத்தைத் தேடிப் போன எனக்கு 1970-களின் கடைசி வரை போக வேண்டியிருந்தது.

யூனிக்ஸில் அச்சடிக்க எல்லாருக்கும் பழக்கமான கட்டளை எல்பிஆர். அது சர்வரில் பதிந்துவைத்த பிரிண்டருக்குத்தான் கோப்பை அனுப்பும். மேஜை மேலே, டெர்மினலின் முதுகில் செருகியிருக்கும் பிரிண்டர் அதன் கணக்கிலேயே கிடையாது. அதற்கு வேறொரு வழி வைத்திருந்தார்கள். திரைக்கு எழுத்துகள் போகும் அதே கம்பியில், முன்னால் ஒரு சைகை போகும்: எஸ்கேப், இடது சதுர அடைப்பு, 5, ஆங்கிலச் சிறிய எழுத்து ஐ. மொத்தம் 4 பைட். அதற்குப் பிறகு வருவதையெல்லாம் டெர்மினல் பிரிண்டருக்குத் தள்ளிவிடும். 5-க்குப் பதில் 4 வந்தால் மறுபடி திரைக்கு.

டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷனின் விடி100 டெர்மினல் 1978-இல் வந்தது. அதன் வழிவந்த விடி102-இல் பிரிண்டர் போர்ட் இருந்தது. ஆனால் இந்தச் சைகை ஒரு கம்பெனியின் தனிச் சொத்து இல்லை. 1979-இன் அமெரிக்கத் தரநிலை எக்ஸ்3.64, ஐரோப்பாவின் எக்மா-48 இரண்டிலும் ‘மீடியா காப்பி’ என்ற பெயரில் அது இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான பைன் மின்னஞ்சல் நிரலும் இதை நம்பித்தான், எங்கோ இருக்கும் யூனிக்ஸ் சர்வரில் வந்த கடிதத்தைப் பயனர் பக்கத்துப் பிரிண்டரில் அடித்துக் கொடுத்தது.

எல்லாரும் தரநிலைக்குக் கட்டுப்பட்டார்களா? இல்லை. வைஸ்-60 டெர்மினலுக்கு வேறு சைகை. அச்சை நிறுத்த கன்ட்ரோல்-டி (T). இந்தப் பேதங்களைச் சமாளிக்கத்தான் யூனிக்ஸில் டெர்மின்ஃபோ பட்டியல் இருக்கிறது: எம்சி5 அச்சைத் தொடங்க, எம்சி4 முடிக்க. டெர்மினலின் வகையைச் சொல்லும் டெர்ம் மாறியில் தப்பான பெயர் இருந்தால், தப்பான சைகைதான் போகும், அல்லது எதுவுமே போகாது.

கடையில் சைகை சரியாகவே வந்துகொண்டிருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. புட்டியின் அமைப்புகளில் ‘டெர்மினல்’ என்ற பக்கத்தின் அடியில், பிரிண்டரைத் தேர்ந்தெடுக்க ஒரு பெட்டி உண்டு. அது முதலிலிருந்தே ‘எதுவும் இல்லை’ என்ற நிலையில்தான் இருக்கும். அந்த நிலையில் புட்டி சைகையைக் கண்டுகொள்ளாது. பில் திரையில் ஓடும். பழைய டெர்மினல் யாரையும் கேட்காமல் செய்த வேலையை, அதன் இடத்துக்கு வந்த மென்பொருளிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

பெட்டியில் பிரிண்டரைத் தேர்ந்ததும் டாட் மேட்ரிக்ஸ் கரகரவென அடித்தது. புதிதாக வாங்கிய மலிவு லேசர் அசையவில்லை. புட்டி எழுத்துகளை அப்படியே, டிரைவரின் அலங்காரம் எதுவுமின்றி அனுப்புகிறது. விண்டோஸ் வரைந்து கொடுத்தால்தான் அச்சடிப்பேன் என்கிற ரகப் பிரிண்டருக்கு வெறும் எழுத்து புரியாது. வெறும் எழுத்து புரிகிற லேசராக இருந்தாலும், கடைசியில் தாளை வெளியே தள்ளச் சொல்லும் ஃபார்ம் ஃபீட் வராவிட்டால் தாளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

உங்கள் அலுவலகத்திலும் இதே கதை என்றால், ஷெல்லில், டெர்மின்ஃபோ சைகையை அனுப்பும் டிபுட் (tput) கட்டளையை வைத்து டிபுட் எம்சி5, ஒரு வரி எக்கோ, ஒரு ஃபார்ம் ஃபீட், டிபுட் எம்சி4 ஆகியவற்றை அரைப்புள்ளி போட்டு ஒரே வரியில் கொடுத்துப் பாருங்கள். தனித்தனியாக அடித்தால் பிராம்ப்ட்டும் பிரிண்டருக்கே போய், திரை உறைந்ததுபோல் நிற்கும். அப்படி நின்றால் பயந்து செஷனை மூட வேண்டாம். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் டிபுட் எம்சி4 என்று அடித்து என்டர் தட்டுங்கள்.