டில்லியில் ஐப்பசி

நம் ஊர்களில் ஐப்பசி என்றால் அடைமழை. உப்பு ஜாடியில் ஈரம் கோத்துக்கொள்ளும். துவைத்த துணி கொடியிலேயே மூன்று நாள் கிடக்கும். வடகம், வற்றல் என்னும் பேச்சையே எவரும் எடுக்கமாட்டார்கள். அந்த ஐப்பசியை நினைவில் கொண்டு தலைநகருக்குக் குடிவருகிறவர்களுக்கு இங்குள்ள ஐப்பசி பெரு வியப்பைத் தரும். தென்மேற்குப் பருவக்காற்று செப்டம்பர் இறுதியில் டில்லியை விட்டு விலகிவிடுகிறது. பின்னர் வானம் கழுவிக் கவிழ்த்த பீங்கான் கிண்ணம்போல் தெளிந்துவிடும். விடியற்காலையில் பவழமல்லி மரத்தடியில் பூக்கள் கொட்டிக் கிடக்கும். இரவில் வீதியோரத்து ஏழிலைப்பாலை மரங்கள், சிலருக்குத் தலைவலி வருமளவுக்கு, மணம் வீசும். வடநாட்டார் சரத்காலம் என்று போற்றுவது இதைத்தான்.

நாம் இங்கே எழுத வந்தது மரங்களைப் பற்றியன்று. இந்தச் சில வாரங்களில் டில்லி இல்லங்களின் உள்ளே நிகழும் அலங்கோலத்தைப் பற்றியே.

முதலில் பஞ்சு. கோடையில் இந்நகருக்கு வந்து சேரும் தமிழ்க் குடும்பத்துக்கு ரஜாய் என்னும் பொருளின் அருமை தெரியாது. அக்டோபரில் அண்டை வீட்டார் பெட்டிகளைத் திறந்து, சென்ற ஆண்டின் ரஜாய்களை வெயிலில் உதறும்போதுதான் தெரியவரும். ஓராண்டு மடிந்து கிடந்த பஞ்சு இறுகிப் போயிருக்கும். அதைப் பிரித்து, மீண்டும் கொட்டி, மிருதுவாக்கி, உறையிலிட்டு, நீண்ட நூல்தையல்களால் நிலைப்படுத்த வேண்டும். முன்பெல்லாம் பஞ்சு கொட்டுகிறவர் ஆளுயர வில்லைத் தோளில் தாங்கி, நாணை மீட்டிக்கொண்டே தெருவில் வருவார். இன்று பெரும்பாலும் இயந்திரம் அவ்வேலையைச் செய்துவிடுகிறது. ஆயினும் உறை தைப்பதும் பஞ்சைத் திணிப்பதும் வீட்டில்தான் என்று பிடிவாதமாக இருக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அவ்வில்லங்களில் ஒரு வாரத்துக்கு ரசத்திலும் பஞ்சு மிதக்கும்.

பஞ்சு அடங்குமுன் நவராத்திரி வந்துவிடுகிறது. நமக்குக் கொலு, அண்டை வீட்டாருக்கு விரதமும் ராமலீலையும். அஷ்டமியன்றோ நவமியன்றோ பஞ்சாபி இல்லங்களில் சிறு பெண்களை அழைத்துக் கால் கழுவி, பூரி, ஹல்வா, கறுப்புக் கொண்டைக்கடலை படைக்கிறார்கள். கஞ்ஜக் என்பது அதன் பெயர். நம் பெண்குழந்தைகள் காலையில் அங்கே கடலை தின்றுவிட்டு, மாலையில் நம் வீட்டில் அதே கடலையைத் தேங்காய் போட்ட சுண்டலாகத் தின்கிறார்கள். இரண்டுக்கும் தட்சிணை உண்டு என்பதால் எவ்வித ஆட்சேபமும் எழுவதில்லை.

ராமலீலை டில்லியில் பெரிய மைதானங்களில் மட்டும் நடப்பதன்று. குடியிருப்புகள் பலவற்றில் குழந்தைகளே நடத்தும் சிறு லீலைகளும் உண்டு. அவற்றுக்கு உடை தைக்கும் பொறுப்பு தாய்மாருடையது. ஆயத்த உடைகள் கைப்பேசியில் கேட்டவுடன் வாசலுக்கு வந்துவிடும் காலம் இது என்பதை அறிவோம். ஆனால் அவ்வுடைகளில் பல செயற்கை இழைகளால் ஆனவை. அகல் விளக்கோ மத்தாப்போ அருகில் வந்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பருத்தித் துணியை வாங்கித் தைப்பதே மேல். ஜரிகை வேலைக்குச் சாந்தினி சௌக்கை அடுத்த கினாரி பஜாருக்குப் போக வேண்டும். சாந்தினி சௌக் ஷாஜஹானின் மகள் ஜஹனாராவின் திட்டப்படி உருவான கடைவீதி. 2021-ல் அதன் பிரதான சாலையைப் புதுப்பித்து, பகற்பொழுதில் நடப்பவர்களுக்கென்று ஒதுக்கினார்கள். வெள்ளி வியாபாரத்துக்குப் பெயர்போன தரீபா தெருவுக்குள் நுழைந்து ஒதுங்கினால் கினாரி பஜார். இருவர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் அகலம். இருபுறமும் கோட்டா என்னும் பளபளக்கும் பட்டிகள், மணிகள், அட்டைக் கிரீடங்கள், அநுமார் முகமூடிகள். பேரம் பேச அஞ்ச வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும்.

கிரீடத்தை வாங்கிவிடலாம், வாலை வாங்குவது வீண். வானர சேனைக்கு வால்தான் உயிர். வீட்டில் செய்வது எளிது. பழைய துப்பட்டாவை நீளவாக்கில் மடித்துக் குழாய்போல் தைத்து, ரஜாயிலிருந்து கழித்த பழம்பஞ்சைத் திணிக்க வேண்டும். வளைந்து நிற்பதற்கு நடுவே மெல்லிய கம்பி. அதன் இரு முனைகளையும் சுருட்டித் துணியால் கட்டிவிட வேண்டும், இல்லையேல் அடுத்த வானரத்தின் கண்ணைக் குத்தும். ஊசியால் சட்டையில் குத்தாமல் அகலமான இடுப்புப் பட்டையில் வைத்துத் தைப்பது அவசியம். சமுத்திரம் தாண்டும் கட்டத்தில் வால் மேடையில் தங்கிவிட அநுமார் மட்டும் இலங்கை போய்ச் சேர்ந்த காட்சியை நாம் கண்டிருக்கிறோம்.

நமக்குத் தெரிந்த ஒரு குடியிருப்பில், கும்பகோணத்திலிருந்து மகனுடன் வந்து தங்கிய பாட்டி ஒருவர் இருந்தார். இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. ஏழு மாதமாக மின்தூக்கியில் இறங்கிக் கீழே வந்ததே இல்லை. பேத்தி வானரமாக நடிக்கிறாள் என்று கேட்டு, அவளுக்கு ஒரு வால் தைத்துக் கொடுத்தார். மறுநாள் வாசலில் நான்கு குழந்தைகள். அதற்கும் மறுநாள் அவர்களுடைய தாய்மார், கையில் துப்பட்டாக்களுடன். "வாலுக்கு அளவு எடுக்க வேண்டாமா? ஒவ்வொண்ணா நில்லுங்கோ" என்று பாட்டி தமிழிலேயே அதட்ட, குழந்தைகள் வரிசையில் நின்றன. பதினோரு வால்கள். கூடம் முழுவதும் பஞ்சு. சாப்பாட்டு மேசைமேல் தையல் இயந்திரம். மகனுக்கு உட்கார இடமில்லை. தசராவன்று 'மாதாஜி'யை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பேத்திக்கு இருந்தது ஒரே ஒரு வசனம், அதுவும் இந்தியில். பாட்டிக்குப் பொருள் விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அதன் பிறகு அவர் மாலைதோறும் கீழே வந்து, சர்தார் வீட்டு அம்மாளின் பக்கத்தில் பெஞ்சில் உட்காரலானார்.

தசரா முடிந்தால் மொட்டைமாடி. பூசணிக்காயைத் துருவி உளுத்தமாவில் சேர்த்து வெயிலில் கிள்ளிவைக்கும் வழக்கம் உத்தரப் பிரதேசத்தாருக்கும் உண்டு, படீ என்பார்கள். பஞ்சாபியர் மிளகும் தனியாவும் சேர்த்துப் பெரிது பெரிதாக வடீ செய்கிறார்கள். நம் கருவடாத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று சொல்லலாம். ஆனால் காலம் குறுகியது. அக்டோபர் கடைசியில் காற்று அசைவற்று நின்றுவிடும். பஞ்சாப், ஹரியானா வயல்களில் வைக்கோல்தாளைக் கொளுத்தும் புகையும், நகரின் வாகனப் புகையும், தீபாவளிப் பட்டாசுப் புகையும் சேர்ந்து சூரியனையே மங்கச் செய்துவிடும். அக்காற்றில் குழந்தைகள் இருமுகின்றன. மாடியில் காய்வதன்மேலும் கரி படிகிறது. வடகம் இடுகிறவர்கள் தீபாவளிக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. மேலே கனமான வலையும் போட வேண்டும். இந்நகரில் மெய்யான வானர சேனையும் உண்டு. அதற்கு வால் தைக்க வேண்டியதில்லை.

நவம்பரில் நெல்லிக்காய் குவியும். பிரதாப்கட் மாவட்டத்து நெல்லி எலுமிச்சம்பழ அளவு இருக்கும். முரப்பா செய்ய அதுவே உகந்தது. முள்கரண்டியால் எங்கும் குத்தி, படிகார நீரில் ஓர் இரவு ஊறவைத்து, நன்றாகக் கழுவி, பிளவுபடாமல் வேகவைத்து, சம எடை சர்க்கரையுடன் அடுக்க வேண்டும். மறுநாள் ஊறிய பாகை மட்டும் வடித்துக் காய்ச்சி மீண்டும் ஊற்ற வேண்டும். தேன் பதம் வரும்வரை சில நாள் இப்படியே. இரும்புச் சட்டி ஆகாது, காய் கறுத்துவிடும், எவர்சில்வர் போதும். அடுப்பங்கரைத் தரை ஒரு வாரத்துக்குக் காலில் ஒட்டும். அதற்கு மருந்தில்லை.

புட்டியில் அடைத்துக் கொதிநீரில் வைத்துக் காக்கும் முறையை அப்பேர் என்ற பிரெஞ்சு மிட்டாய்க்காரர் 1810-ல் நூலாக வெளியிட்டார். அது ஏன் பலிக்கிறது என்பதைப் பாஸ்டர் விளக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. நெல்லி, எலுமிச்சை போன்ற புளிப்புள்ளவற்றுக்குக் கொதிநீர் போதும். பட்டாணி, பீன்ஸ், சோளம், காளான் இவற்றை அவ்வாறு வீட்டில் அடைத்து அலமாரியில் வைப்பது உயிருக்கே ஆபத்து. கொதிநீரில் சாகாத பாட்டுலினம் என்னும் நுண்ணுயிர், காற்றுப் புகாத புளிப்பற்ற உணவில் வளர்ந்து கொடிய நஞ்சைச் சுரக்கும். அதை அழிக்க அழுத்தத்தில் 121 டிகிரி வெப்பம் வேண்டும். நிறத்திலோ மணத்திலோ நஞ்சு தெரியவேண்டும் என்பதில்லை. குளிர்காலப் பட்டாணி மலிவாகக் கிடைத்தால் உரித்து ஃப்ரீசரில் வையுங்கள்.

முரப்பாவை ஊருக்கு அனுப்புகிறவர்கள் புட்டியை வெந்நீரில் கொதிக்கவிட்டு, ஈரமின்றி உலர்த்தி, சூடாகவே நிரப்பி மூட வேண்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸானாலும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸானாலும் சென்னைக்கு இரண்டு இரவுப் பிரயாணம். புட்டியைச் சுற்றிப் பொதிய, வால்களில் திணித்தது போக மிஞ்சிய பஞ்சு வீட்டில் இருக்கும்.