பட்டியலில் இல்லாத பெயர்

கடந்த வருசம் நவம்பர் 2ஆம் திகதி. மகளிர் உலகக் கிண்ண இறுதிப்போட்டி. மழையால் பிந்தித் தொடங்கின மட்ச் நடுச்சாமம் வரைக்கும் இழுத்தது. வீட்டில் மற்ற எல்லாரும் படுத்திட்டினம். நானும் மச்சாளும் மட்டும் போனைத் தண்ணிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் குந்திக்கொண்டு இருந்தோம். இந்தியாவுக்காக ஷஃபாலி வர்மா 87 ஓட்டங்கள் அடித்திருந்தார். பிறகு பந்துவீச வந்து இரண்டு விக்கெட்டும் எடுத்தார். 52 ஓட்டங்களால் இந்தியா வென்றது. ஆட்டநாயகியும் அவர்தான்.

மச்சாள் கேட்டாள்: "இவளை முதல் டீமிலயே எடுக்கேல்லையாமே? ஆரடி அந்த விசர் ஆக்கள்?"

உண்மைதான். ஓகஸ்டில் அறிவித்த 15 பேரில் ஷஃபாலி இல்லை. தொடக்கத் துடுப்பாட்ட வீராங்கனை பிரதிகா ராவல் காயப்பட்டதால்தான் அரையிறுதிக்கு முன்னம் அவசரமாகக் கூப்பிட்டார்கள். அந்தப் 15 பேரைத் தெரிவு செய்தது ஆர் என்று போனில் தேடினேன். தேடினது திட்டுறதுக்குத்தான். வந்த பெயர் நீத்து டேவிட்.

திட்ட முடியாமல் போன கதைதான் இது.

நீத்து டேவிட் 1977இல் கான்பூரில் பிறந்தவர். இடக்கை சுழற்பந்து வீச்சாளர். 1995 நவம்பர், ஜம்ஷெட்பூரில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் ஒரே இன்னிங்ஸில் 53 ஓட்டங்களுக்கு 8 விக்கெட் எடுத்தார். அப்ப அவருக்கு வயசு 18. பெண்கள் டெஸ்டில் ஒரு இன்னிங்ஸில் ஆகச்சிறந்த பந்துவீச்சு இன்றைக்கும் அதுதான். முப்பது வருசமாக ஒருத்தராலும் அதைத் தாண்ட முடியவில்லை. அந்த மட்சில் இந்தியா இரண்டே இரண்டு ஓட்டங்களால் தோற்றது.

நானும் இடக்கைதான். ஒழுங்கையில் அண்ணாக்களோடு விளையாடும்போது பந்து போட்டிருக்கிறேன். கிரிக்கெட்டில் பைத்தியமாகத் திரிந்த எனக்கு இந்தப் பெயர் 27 வயதில்தான் தெரிய வந்தது. வெட்கமாக இருந்தது.

முழு வாழ்க்கையிலும் அவருக்குக் கிடைத்தது 10 டெஸ்ட்தான். அதில் 41 விக்கெட். 97 ஒருநாள் போட்டிகளில் 141 விக்கெட். ஒருநாள் போட்டியில் நூறு விக்கெட்டைத் தொட்ட முதல் இந்தியப் பெண் அவர். அவர் ஆடின காலத்தின் பெரும்பகுதியில் இந்தியாவில் பெண்கள் கிரிக்கெட்டைத் தனியொரு சங்கம்தான் நடத்தியது. காசு கொழிக்கிற கிரிக்கெட் சபைக்கும் அதற்கும் தொடர்பில்லை. முன்பதிவில்லாத ரயில் பெட்டிகளில் கிட் பாக்கோடு நின்று போனதைப் பற்றி அந்தக் காலத்து வீராங்கனைகள் பலர் சொல்லியிருக்கிறார்கள். 2005 உலகக் கிண்ணத்தில் 20 விக்கெட் எடுத்து முதலிடத்தில் நின்றார். இறுதிப்போட்டியில் அவுஸ்திரேலியாவிடம் 98 ஓட்டங்களால் தோல்வி. 2006இல் அந்தச் சங்கம் கிரிக்கெட் சபையோடு சேர்ந்தது. அதே வருசம் நீத்து ஓய்வு பெற்றார்.

இரண்டு வருசத்தில் திரும்பி வந்தார். வந்தது எங்கள் நாட்டுக்கு. 2008 மே மாதம், மகளிர் ஆசியக் கிண்ணம். தம்புள்ளையிலும் குருநாகலிலும் மட்சுகள் நடந்தன. அப்ப எனக்குப் பத்து வயசு. ஏ9 பாதை பூட்டிக் கிடந்தது. குருநாகல் எங்களுக்கு வேறொரு கிரகம். அதுக்குள்ளே பெண்கள் கிரிக்கெட் ஆடினார்கள் என்றதை இப்பதான் வாசிக்கிறேன்.

2020 செப்டம்பரில் அவரை மகளிர் தெரிவுக்குழுவின் தலைவராக்கினார்கள். குழுவில் ஐந்து பேர், ஐவரும் முன்னாள் வீராங்கனைகள். கொரோனாக் காலம். மார்ச்சில் நடந்த டி20 உலகக் கிண்ண இறுதிப்போட்டிக்குப் பிறகு இந்திய அணி மைதானத்தில் இறங்கியிருக்கவில்லை. பிறகு 2022 உலகக் கிண்ணத்துக்கு அணி எடுக்க வேண்டி வந்தது. மிதாலி ராஜ் அணித்தலைவி, ஜூலன் கோஸ்வாமியும் அணியில். 2005இல் தோற்ற அந்த இறுதிப்போட்டியில் நீத்துவோடு சேர்ந்து விளையாடியவர்கள் இவர்கள். கூட விளையாடிய ஆக்களின் பெயரைப் பட்டியலில் எழுதுகிற இடத்தில் இருப்பது லேசான வேலையாக இருக்க முடியாது.

அந்தப் பட்டியலில் ஜெமிமா ரொட்றிகஸ் இல்லை. ஒருநாள் போட்டிகளில் அவருக்கு ஓட்டம் வராத காலம் அது. பெரிய வாக்குவாதம் நடந்தது. இந்தியா அரையிறுதிக்கும் போகவில்லை. மூன்று வருசம் கழித்து, 2025 அரையிறுதியில், அவுஸ்திரேலியாவின் 338 ஓட்டங்களைத் துரத்தி, ஆட்டமிழக்காமல் 127 அடித்தவர் அதே ஜெமிமா. அவரை அந்த அணியில் எடுத்ததும் நீத்துவின் குழுதான்.

மச்சாளுக்கு இதெல்லாம் வாசித்துக் காட்டினேன். "அப்ப ரெண்டு தரமும் பிழைதானே விட்டிருக்கினம்" என்றாள்.

பிழைதானா? ஷஃபாலியின் இடத்தில் எடுத்த பிரதிகா ராவல் அந்த உலகக் கிண்ணத்தில் 308 ஓட்டங்கள் அடித்தவர். நியூசிலாந்துக்கு எதிராகச் சதம். கிண்ணம் தூக்கின இரவில் சக்கர நாற்காலியில் இருந்தபடி கொண்டாட்டத்துக்கு வந்தார். அவரை எடுத்தது சரி. ஷஃபாலி இறுதிப்போட்டியில் ஆடினதும் சரி. ஒரே பட்டியல் சரியாகவும் பிழையாகவும் இருக்கலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இன்னொன்று: அந்தத் தொடரில் ஆகக்கூடிய விக்கெட் எடுத்தவர் தீப்தி ஷர்மா, 22. அவரும் சுழற்பந்து, அவரும் உத்தரப் பிரதேசம். இருபது வருசத்துக்கு முதல் நீத்து நின்ற இடத்தில் இப்ப தீப்தி. ஆனால் கிண்ணம் தூக்கும்போது நீத்து தெரிவுக்குழுத் தலைவராக இல்லை. தொடர் தொடங்குவதற்கு இரண்டொரு நாளுக்கு முதல்தான் அந்தப் பொறுப்பு அமிதா ஷர்மாவிடம் போயிருந்தது.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு தூரம் நோண்டினேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

2014. நான் படித்த பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து அணிக்குப் பத்துப் பேரை எடுத்தார்கள். ஒபிசுக்கு வெளியே அறிவித்தல் பலகையில் பட்டியல் ஒட்டியிருந்தது. மேலிருந்து கீழே ஒருக்கா வாசித்தேன். கையெழுத்து விளங்கவில்லையோ என்று திரும்பவும் வாசித்தேன். என் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று ஒருத்தரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதுக்குப் பிறகு நான் பந்தைத் தொடவே இல்லை. பத்து வருசத்துக்கு மேலாக அந்தக் காரணத்தை நானே உண்டாக்கிக்கொண்டிருந்தேன்: நான் கட்டை, நான் கறுப்பு, நான் ரீச்சருக்குப் பிடிக்காத பிள்ளை.

இந்த ஜனவரியில் அதே பள்ளிக்கூடத்தில் இருந்து கோல் வந்தது. இப்ப இருக்கிற ரீச்சர் புதுசு. "பிள்ளை, வலயமட்டப் போட்டிக்கு டீம் எடுக்கோணும். பழைய மாணவியள் ரெண்டு பேர் வந்து நிண்டால் நல்லது." மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஓம் என்றுவிட்டேன்.

இருபத்தாறு பிள்ளைகள் வந்தார்கள். ஒன்பது பெயர் எழுதுவதில் கஷ்டமே இருக்கவில்லை. பத்தாவது இடத்துக்கு இரண்டு பேர். ஒருத்தி நிதானம், பாஸ் பிசகாது. மற்றவள் இடக்கை. பந்தைப் பாய்ந்து பறிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் பிடித்த கையோடு கால் நிற்காது, ஸ்டெப்பிங் விசில் ஊதிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மூன்று பேரும் அரை மணித்தியாலம் கதைத்தோம். நான் நிதானமான பிள்ளையின் பெயரைச் சொன்னேன். இடக்கைப் பிள்ளையை எடுக்கத்தான் மனம் சொன்னது. அவளில் என்னைப் பார்த்தேன் என்பதே அவளை எடுக்கிறதுக்குக் காரணமாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

பட்டியலை ஒட்டுவதற்கு முதல், எடுபடாத பதினாறு பேரோடும் தனித்தனியாகக் கதைக்க வேண்டும் என்று ரீச்சரிடம் கேட்டேன். "நேரம் போகுமே" என்றார். போகட்டும் மிஸ் என்றேன்.

இடக்கைப் பிள்ளை கடைசியாக வந்தாள். காரணத்தைச் சொன்னேன். கண் கலங்கிச்சு, ஆனால் அழவில்லை. பிறகு கேட்டாள்: "அக்கா, கால் நிண்டிருந்தா எடுத்திருப்பீங்களோ?"

"ஓம்."

"உண்மையாவோ?"

"உண்மையா."

பாக்கைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு "நன்றி" கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஜம்ஷெட்பூரில் 8 விக்கெட் எடுத்தும் தோற்றுப்போன அந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளையைச் சர்வதேச கிரிக்கெட் சபை 2024இல் தன் ‘ஹோல் ஒஃப் பேம்’ பட்டியலில் சேர்த்தது. டயானா எடுல்ஜிக்குப் பிறகு அதில் இடம்பெற்ற இரண்டாவது இந்தியப் பெண். ஆடி முடித்துப் பதினாறு வருசத்துக்குப் பிறகு வந்த பெயர். பட்டியல்கள் அப்படித்தான், சிலது பிந்தி வரும்.

எங்கள் அணி வலயமட்டத்தில் இரண்டாவது மட்சோடு வெளியே வந்தது. நான் தெரிவு செய்த பத்தாவது பிள்ளை நல்லாத்தான் விளையாடினாள். மற்றவளை எடுத்திருந்தால் வென்றிருப்போமோ என்று இரவில் இரண்டு மூன்று தரம் யோசித்தேன். விடை கிடைக்காது என்று தெரியும்.

போன கிழமை ரீச்சர் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். பின்னேர வெயில், வெறும் மைதானம். அந்தப் பிள்ளை சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடிக்கிறாள். பிடித்தவுடன் கால் நிற்கிறது. சில நேரம் நிற்கவில்லை. திரும்பவும் எறிகிறாள்.