மரத்தில் பிறக்கும் பம்பு

கோயம்புத்தூர் பம்பு முதலில் மரத்தில்தான் பிறக்கிறது. இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால் அதே வடிவத்தில் ஒரு மாதிரி வேண்டும். அதை மணலில் பதித்து, அலுங்காமல் உருவி எடுத்தால் ஒரு பள்ளம் கிடைக்கும். உருகிய இரும்பு ஓடி நிரம்புவது அந்தப் பள்ளத்தில். அந்த மாதிரியைத்தான் பேட்டர்ன் என்கிறார்கள். டிசைன் படிப்பை முடித்துப் பம்பு கம்பெனி ஒன்றில் சேர்ந்த எனக்கு, வீட்டுக் கிணறுகளுக்கான மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருக்கும் சின்ன மோனோபிளாக் பம்பின் வெளித்தோற்றத்தைப் புதிதாக வரையச் சொல்லியிருந்தார்கள். பென்சிலில் போட்ட சில படங்களை எடுத்துக்கொண்டு கணபதிப் பக்கம் இருக்கும் ஒரு பேட்டர்ன் பட்டறைக்குப் போனேன். கணினியில் எதையும் முடிவுசெய்யும் முன் அங்கே கேட்டுவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. ஒரு ஓரமாகப் பேண்ட் சா, நடுவில் இரண்டு மேசைகள், மூலையில் நன்றாகக் காய்ந்த தேக்குத் துண்டுகளின் அடுக்கு. சுவர் முழுக்க ஆணிகளில் தகர டெம்ப்ளேட்டுகள் தொங்கின. பட்டறைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். என் படத்தை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். வடிவம் எப்படி இருக்கிறது என்று எதுவும் சொல்லவில்லை.

"ஏனுங் அம்மிணி, இது எந்தப் பக்கம் பிரியுமுங்க?"

கல்லூரியில் என் படங்களைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. பேட்டர்ன் மணலை விட்டு எந்தத் திசையில் வெளியே வரும், மணல் நிரப்பிய மேல்பெட்டியும் கீழ்ப்பெட்டியும் எந்தக் கோட்டில் பிரியும் என்பதுதான் அவர் கேள்வி. மோட்டார் உடலைச் சுற்றி, சூடு தணிய, சூரியக் கதிர் போல நாலாபக்கமும் விரியும் ஃபின்களை வரைந்திருந்தேன். மேசை மேலிருந்த சாக்பீஸை எடுத்துப் பலகையில் ஒரு வட்டம் போட்டார்.

"படுக்க வெச்சு மேல எடுத்தீங்கன்னா, இந்தப் பக்கத்து ஃபின் சாஞ்சு நிக்குது பாருங்க, அதுக்கு அடியில இருக்கற மணலைக் கிழிச்சுட்டுத்தான் வரும். நிக்க வெச்சு உருவுனா எல்லா ஃபின்னும் வந்துரும். ஆனா இந்தக் காலும் டெர்மினல் பாக்ஸும் நடுவுல முட்டுமே. என்ன பண்ணலாமுங்க?"

கடைசிக் கேள்வியை அவர் உண்மையாகவே என்னிடம் கேட்டார். அங்கேயே உட்கார்ந்து பேசினோம். ஃபின்களைக் கதிராக விரிக்காமல் எல்லாவற்றையும் செங்குத்தாக, ஒன்றுக்கொன்று இணையாக நிறுத்தலாம். பம்பைத் தாங்கும் காலைத் தனி லூஸ் பீஸாகச் செய்து, பேட்டர்ன் வெளியே வந்த பிறகு அதைப் பக்கவாட்டில் உருவலாம். இல்லையென்றால் காலைத் தனியே வார்த்துப் போல்ட் போடலாம். ஒவ்வொரு வழிக்கும் ஒரு செலவு, ஒரு தோற்றம். மோட்டார்களில் இணையாக நிற்கும் ஃபின்களைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அந்த வரிசைக்குப் பின்னால் மணலை விட்டு வெளியேறும் கணக்கு ஒன்று இருப்பது அன்றுதான் விளங்கியது.

பிறகு தன் ஸ்கேல்களைக் காட்டினார். பார்வைக்குச் சாதாரண எஃகு ஸ்கேல்தான். என்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தார். தொடக்கத்தில் கோடுகள் ஒட்டி நின்றன. போகப்போக விலகி, 300 வந்தபோது அவருடைய கோடு 3 மி.மீ. தள்ளி நின்றது. வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை ஸ்கேலிலேயே ஏற்றி வைத்திருக்கிறார்கள், காண்ட்ராக்ஷன் ஸ்கேல். அலுமினியம் இதைவிடக் கொஞ்சம் அதிகமாகவும், எஃகு ஏறக்குறைய இரண்டு மடங்கும் சுருங்கும். ஆகவே உலோகத்துக்கு ஒரு ஸ்கேல். பெரிய எண்ணிக்கையில் வார்க்க அலுமினியப் பேட்டர்ன் வேண்டுமென்றால், அதை வார்ப்பதற்கு முதலில் ஒரு மர மாஸ்டர் செய்ய வேண்டும். அந்த மரத்தில் அலுமினியத்தின் சுருக்கமும் இரும்பின் சுருக்கமும் சேர்ந்தே இருக்க வேண்டும். இன்னும் ஊற்றப்படாத இரண்டு உலோகங்களின் கணக்கை ஒரு மரக்கட்டையில் செதுக்குகிற வேலை இது.

நான் அதிக நேரம் நின்றது கோர் பாக்ஸ் செதுக்குவதைப் பார்த்துத்தான். பம்புக்குள் தண்ணீர் சுழன்று வெளியேறும் பாதை சுருளாக, போகப்போக அகலமாகும். வெளியே தெரியாத அந்தப் பாதையை உருவாக்குவது மணலில் செய்த கோர். அந்தக் கோருக்கு அச்சு, மரத்தில் குடைந்த இரண்டு பாதிகள். சுருளின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு தகர டெம்ப்ளேட். அதன் விளிம்பில் சாயம் தடவி, குடைந்த பள்ளத்தில் வைத்து லேசாக அசைப்பார். மரம் மேடாக இருக்கும் இடத்தில் மட்டும் சாயம் ஒட்டும். அந்த இடத்தை நகவுளியால் ஒரே ஒரு சீவு. மறுபடி சாயம், மறுபடி டெம்ப்ளேட். விளிம்பு முழுக்கச் சாயம் ஒரே சீராக ஒட்டும்வரை இது நடக்கும். இரண்டு டெம்ப்ளேட்டுகளுக்கு நடுவில் இருக்கும் இடத்துக்கு அளவு எதுவும் கிடையாது. அங்கே அவர் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தே முடிவு செய்தார். தண்ணீர் தடையில்லாமல் போகுமா என்பது அந்த விரலைப் பொறுத்தது.

மூலைகளை எல்லாம் உருட்டிவிடுவதற்கும் காரணம் சொன்னார். "தடிமன் ஒரே மாதிரி இருக்கோணும் அம்மிணி. ஒரு பக்கம் 5, இன்னொரு பக்கம் 15னு போட்டா, தடிப்பா இருக்கற இடம் கடைசியாத்தான் ஆறும். உள்ளார ஓட்டை உழுந்துரும்." கூர்மையான உள்மூலையில் விரிசலும் வரும். வளைவு கண்ணுக்கு அழகு என்று படித்தவள் நான். உலோகத்துக்கே அது வேண்டியிருக்கிறது என்பதை இங்கேதான் கேட்டேன்.

பட்டறையிலிருந்து பக்கத்து ஃபவுண்டரிக்கு அவரே கூட்டிப் போனார். மோல்டிங்கிலும், வார்ப்பைச் சுத்தம் செய்யும் ஃபெட்லிங்கிலும் பெரும்பாலும் பீகார், ஒடிசா இளைஞர்கள். என் வயதுதான் இருக்கும். பெட்டிகள் சந்திக்கும் கோட்டில் பிதுங்கிய இரும்பை ஒருவர் கையில் பிடித்த கிரைண்டரால் தேய்த்துக்கொண்டிருந்தார். பொறியும் தூசியும் முகத்துக்கு நேரே பறந்தன. மூக்கில் ஒரு கைக்குட்டை. வார்ப்பில் ஒட்டியிருக்கும் மணல் சிலிக்கா. அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும், வந்தால் குணமாகாது. முகக்கவசமும் தூசி உறிஞ்சும் ஏற்பாடும் தருவது முதலாளியின் கடமை. ஆனால் எத்தனை கோர், பிரியும் கோடு எத்தனை வளைவாகப் போகிறது, கிரைண்டர் நுழையாத இடுக்கு எத்தனை என்பதையெல்லாம் முடிவு செய்வது வரைகிறவர். நான் கூடுதலாகப் போடும் ஒரு கோடு இவருக்கு ஒவ்வொரு பம்பிலும் சில நிமிடத் தூசி. ஃபின்களை இணையாக நிறுத்துவது என்று அங்கேயே தீர்மானித்தேன்.

இந்த ஊர்ப் பட்டறைகளுக்கு நூறாண்டுக்கு அருகில் வரலாறு உண்டு. பஞ்சாலைகளுக்கு உதிரிபாகம் வார்த்துப் பழகியவர்கள், 1930களில் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் வந்தபின் கிணறுகளுக்கு மோட்டாரும் பம்பும் செய்யத் துணிந்தார்கள். ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இங்கே மோட்டார் உருவாக்கியது 1937இல். இந்தியாவில் டிசைன் கல்வி அதற்குப் பிறகுதான் வந்தது. வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958இல் நம் அரசுக்கு ஓர் அறிக்கை தந்தார்கள். அதையொட்டி 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியது. அந்த அறிக்கையில் அவர்கள் வியந்து எழுதிய பொருள், தண்ணீர் மொள்ளும் சாதாரணச் செம்பு. அது எந்தத் தனியொருவரும் வடிவமைத்ததல்ல, தலைமுறை தலைமுறையாகப் பலர் சேர்ந்து செய்தது என்றார்கள். டிசைன் படிக்கும் எல்லாரும் முதல் ஆண்டிலேயே இதை வாசிக்கிறோம். அந்தப் பலர் இன்றும் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மட்டும் வகுப்பில் யாரும் சொல்வதில்லை.

பெரியவரின் மகன் பக்கத்து அறையில் சிஎன்சி இயந்திரம் வைத்திருக்கிறார். கணினியில் வரும் வடிவம் அலுமினியத்திலோ ரெசின் பலகையிலோ நேரே வெட்டப்படுகிறது. 3டி பிரிண்டிங்கில் செய்த பேட்டர்ன்களும் வரத் தொடங்கிவிட்டன. மர வேலை குறைந்துவருகிறது, அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் எந்தப் பக்கம் பிரிக்க வேண்டும், பேட்டர்ன் எளிதாக உருவி வர எங்கே எத்தனை டிகிரி சரிவு தர வேண்டும் என்று மகன் இன்னமும் அப்பாவைத்தான் கேட்கிறார். 100 மி.மீ. நீளத்துக்கு 1 டிகிரி என்றால் முனையில் ஏறக்குறைய 1.75 மி.மீ. மெலியும். அந்த மெலிவை முதலிலேயே வடிவத்தில் சேர்க்காவிட்டால், பிறகு யாரோ சேர்ப்பார்கள், தோற்றமும் மாறிப்போகும்.

2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி ஒரு பொருளின் தோற்றத்தைப் பதிவு செய்யலாம். 10 ஆண்டு பாதுகாப்பு, விண்ணப்பித்தால் மேலும் 5. கம்பெனிக்காக நான் வரைவது கம்பெனியின் பெயரில் பதிவாகும், என் பெயரை என் தொகுப்பில் போட்டுக்கொள்வேன். பேட்டர்ன்காரர் பெயர் எந்தத் தாளிலும் வராது. செய்த வேலைக்குக் கூலி உண்டு, பேட்டர்னும் வாடிக்கையாளருடையது. வரைபடத்தைப் பார்த்து அவர் சொல்லும் யோசனைக்குக் கூலி கிடையாது. இது அநியாயம்.

ஆகவே டிசைன் கல்லூரிகளிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு பருவம் மாணவர்களைப் பேட்டர்ன் பட்டறைக்கு அனுப்புங்கள். அங்கே கற்றுத்தருபவருக்கு விருந்தினர் பேராசிரியருக்குத் தரும் அதே ஊதியத்தைக் கொடுங்கள். கம்பெனிகள் வரைபடத்தை முடித்து அனுப்பாமல், பாதியிலேயே அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்த நேரத்துக்கும் பணம் தர வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி தங்கைகளுக்கு: கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் வழி கேட்டால் பட்டறையைக் காட்டுவார்கள். படத்தைத் தாளில் அச்செடுத்துப் போங்கள், பென்சிலில் திருத்த அவருக்கு இடம் வேண்டும்.