லாகின் பெட்டி பூட்டு அல்ல
மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சியில் ஹோம்ஸ்டே நடத்துவோர் வெளிநாட்டு விருந்தினரின் பாஸ்போர்ட் விவரங்களைப் பெற்று 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அதிகாரிகளிடம் பதிந்தாக வேண்டும். அதற்கென ஒரு வெப் காம்போனென்ட் எழுதி, லாகினோடு கூகுளின் ஃபயர்பேஸ் தரவுத்தளத்தில் இணைத்தால் வேலை முடிந்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். லாகின், வந்தவர் யாரென்று மட்டுமே சொல்லும்; எதைப் பார்க்கலாம் என்பதைத் தரவுத்தள விதிகளே முடிவுசெய்யும். 2025 ஜூலையில் அமெரிக்காவின் 'டீ' செயலியிலிருந்து சுமார் 72,000 படங்கள் கசிந்தன, அடையாள அட்டைகள் உட்பட. ஃபயர்பேஸ் சேமிப்பிடம் திறந்தே கிடந்திருக்கிறது.

ஃபயர்பேஸ் ஏபிஐ சாவியை மறைத்தால் போதாதா என்பார்கள். பிரவுசரில் ஓடும் நிரலில் எதை மறைப்பது? கூகுளே இந்தச் சாவியை ரகசியமாகக் கருதுவதில்லை. சின்ன விடுதிதானே, யார் வரப்போகிறார்கள் என்றால், திறந்த தரவுத்தளங்களைத் துழாவும் நிரல்கள் அறை வாடகையைக் கேட்டுவிட்டு வருவதில்லை. அவரவர் பதிவை அவரவரும் விடுதிக்காரரும் மட்டும் பார்க்கும்படி விதி எழுதச் சில வரிகளே ஆகும்.