சின்ன பாட்டில், பெரிய கணக்கு



ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி வந்திருந்த பழைய மாணவர் ஒருவர், கோயிலில் கூட்டம் குறைந்ததும் என்னைத் தனியாக அழைத்து போனில் ஒரு படம் காட்டினார். "சார், மகன் ஹாஸ்டல் பெட்டியில் இருந்தது. தேன் மாதிரி ஒட்டுது. கஞ்சா எண்ணெய்ங்கிறாங்களே, அதுவா சார்?" படத்தை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் அவருக்கு விளக்கியதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

கஞ்சாப் பூவின் மேல் பிசுபிசுப்பான பிசின் இருக்கும். போதை தரும் டி.எச்.சி. பெரும்பாலும் அதில்தான். அந்தப் பிசினை மட்டும் பிரித்து உருட்டினால் சரஸ் அல்லது ஹஷீஷ். கரைப்பானில் கரைத்து எடுத்தால் கஞ்சா எண்ணெய். வெளிநாட்டில் வேக்ஸ், ஷாட்டர் என்று விற்பதும் இந்த வகைதான். பேனா போன்ற வேப் கருவியிலும் அடைக்கிறார்கள். பூவில் டி.எச்.சி. 15, 20 சதவீதம் என்றால், இந்தச் சாற்றில் 60 முதல் 90 வரை போகும்.

ஊசிவெடியைக் கையில் பிடித்துப் போட்டவன் அதே தைரியத்தில் அணுகுண்டைப் பிடித்தால் என்னாகும் என்று நம் சிவகாசிப் பக்கத்துச் சிறுவனுக்கும் தெரியும். இங்கேயும் அதே கதைதான். "ஒரு சொட்டுதானே" என்பான். நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், யாரோ துரத்துவதுபோல் பயம் பிடிக்கும். வீரியம் கூடக் கூட மனநோய்க்கான ஆபத்தும் கூடுகிறது. பியூட்டேன் வாயுவை வைத்து இதை எடுக்கப் போய், அமெரிக்காவில் வீடுகளே வெடித்திருக்கின்றன.

1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. கஞ்சாவில் 1 கிலோ வரை 'சிறிய அளவு', 20 கிலோவில் 'வணிக அளவு' தொடங்குகிறது. சரஸ், ஹஷீஷ் எண்ணெய்க்கு அதுவே 100 கிராம், 1 கிலோ. சிறிய அளவுக்கே ஓராண்டு வரை சிறை உண்டு. வணிக அளவென்றால் குறைந்தது 10 ஆண்டு, ஜாமீன் கிடைப்பதும் குதிரைக்கொம்பு. கனடாவில் இருக்கும் பிள்ளைகளே, அங்கே 2019 அக்டோபர் முதல் இந்தச் சாறு வகைகள் சட்டப்படி கடையில் கிடைக்கலாம். ஊருக்கு வரும்போது பெட்டியில் இருந்தால் அது இரண்டு நாட்டுச் சட்டப்படியும் குற்றம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அடிக்காதீர்கள், ஊரைக் கூட்டாதீர்கள், மூடி மறைக்கவும் செய்யாதீர்கள். பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். பழக்கத்துக்கு அடிமையானவர் சிறிய அளவு வழக்கில் சிக்கினாலும், தானே முன்வந்து அங்கீகாரம் பெற்ற மையத்தில் முழுமையாகச் சிகிச்சை பெற்றால், அதே சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. போதை மீட்பு உதவிக்கு 14446 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

அந்த மாணவர் மகனை மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்கிறார். உங்களில் யாருக்காவது இப்படி ஒரு கவலை இருந்தால், எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்கள். நமக்குள் இருக்கும்.