பீரோவுக்குள்ள நாற்பது புத்தகம்

அப்பா நினைவா எங்க ஊர் ஆரம்பப் பள்ளிக்கு நாற்பது தமிழ்ப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன்னு ரெண்டு வருஷமா பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் பெருமை அடிச்சுக்கிட்டு இருந்தேன். போன மாசம் ஊருக்குப் போனப்ப அதுக்கு ஆப்பு விழுந்தது.

உதவி பெறும் பள்ளிதான், சின்னது. தலைமையாசிரியர் தன் அறையில இருந்த பச்சை பீரோவைத் திறந்து காட்டினார். நாற்பதும் பத்திரமா இருக்கு. அட்டை கசங்கலை, ஒரு பக்கம் மடங்கலை. கடை வாசனை கூடப் போகலை!

"பசங்களுக்குக் கொடுக்கலையா சார்?"

"தம்பி, பதிவேட்டுல ஏத்தியாச்சு. ஒண்ணு குறைஞ்சாலும் நான்தான் பதில் சொல்லணும். ரிடையர் ஆக இன்னும் ஒரே வருஷம். இதுல மாட்டிக்கச் சொல்றீங்களா?"

கோபமா வீட்டுக்கு வந்து, அதே பள்ளியில நாலாவது படிக்கிற அக்கா பொண்ணுகிட்ட கேட்டேன். "பாடப் புத்தகம் தவிர வேற என்னம்மா படிச்சே?"

"வேற என்ன இருக்கு மாமா?"

பொட்டுல அடிச்ச மாதிரி இருந்தது. ரெண்டு வருஷமா அவ உட்கார்ந்திருந்த வகுப்புக்கும் அந்த பீரோவுக்கும் நடுவுல ஒரே ஒரு சுவர்தான்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எண்பதுகள்ல என்.சி.பி.எச். கண்காட்சியில அப்பா எனக்கு மூணு ரஷ்யக் கதைப் புத்தகம் வாங்கித் தந்தார். மாஸ்கோவுலயே தமிழ்ல அச்சடிச்சு வந்தது. பக்கம் நிறைய படம், விலையோ ரொம்பக் கம்மி. சோவியத் அரசாங்கம் செலவைத் தாங்கிக்கிட்டதால அந்த விலை. 1991ல சோவியத் யூனியனே கலைஞ்சதும் அந்த வரத்தும் நின்னுபோச்சு. தெருப்பசங்க எல்லாம் மாத்தி மாத்திப் படிச்சதுல ரெண்டு புத்தகம் சுக்குநூறாச்சு. அப்பா திட்டவே இல்லை. விலை அப்படி!

நிற்க. சாரை மட்டும் குறை சொல்லி என்ன பண்றது? புத்தகம் தொலைஞ்சா அவர் தலைதான் உருளும். பூட்டி வெச்சா யாரும் கேள்வி கேட்கப் போறதில்லை. வேற யாரா இருந்தாலும் பூட்டத்தான் செய்வாங்க. அப்போ பதிவேட்டுக்கே போகாத புத்தகம் வேணும், கிழிஞ்சா யாருக்கும் வலிக்காத புத்தகம்.

அது கிடைக்காத பொருள் இல்லை. பெங்களூரு பிரதம் புக்ஸ் 2015ல ஸ்டோரிவீவர்னு ஒரு தளம் ஆரம்பிச்சாங்க. தமிழ்லயும் நிறைய படக்கதை இருக்கு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்கிறதால எழுதினவங்க, வரைஞ்சவங்க பேரைப் போட்டு யாரு வேணும்னாலும் அச்சடிச்சுக்கலாம். நம்ம அரசாங்கமும் 2023ல வாசிப்பு இயக்கம்னு ஆரம்பிச்சு நுழை, நட, ஓடு, பறன்னு படிப்படியா மெலிசான கதைப் புத்தகங்களைப் போட்டது. பசங்களுக்கு வேண்டியது அந்த மாதிரிதான். மெலிசா, பெரிய எழுத்துல, ஒரே மூச்சுல முடிக்கிற மாதிரி.

ஸ்டோரிவீவர்ல இருந்து பதினஞ்சு கதை எடுத்தேன். டவுன்ல கலர் பிரிண்ட் போட்டு, நடுவுல ஸ்டேப்ளர் அடிச்சு, மறுபடியும் சார்கிட்ட போனேன்.

"இது எதுலயும் ஏத்த வேண்டாம் சார். தொலைஞ்சா தொலையட்டும்."

கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்தார். அப்புறம் அவரே ரெண்டாம் வகுப்புல ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டச் சொன்னார். துணி காயப்போடுற கிளிப்புல பதினஞ்சும் தொங்குச்சு.

நேத்து அக்கா போன் பண்ணினா. நாலைக் காணோமாம், ஒண்ணுல குழம்புக் கறையாம். அவ பொண்ணு ஒரு கதையைப் பாட்டிக்குப் படிச்சுக் காட்டினாளாம், எழுத்துக் கூட்டித்தான், ஆனா கடைசி பக்கம் வரைக்கும். அதைவிட ஆச்சரியம், பீரோவுல இருந்து அஞ்சு புத்தகத்தை சாரே வெளிய எடுத்து வெச்சிருக்காராம். மீதி முப்பத்தஞ்சுக்கு இன்னும் விடுதலை இல்லை. அடுத்த தடவை போறப்ப பேசிப் பார்க்கணும்.

பி.கு.: மூணு ரஷ்யப் புத்தகத்துல மிஞ்சின ஒண்ணை பிளாஸ்டிக் கவர் போட்டு என் பொண்ணு கை எட்டாத உயரத்துல நானே வெச்சிருந்தேன். ஊருக்கு உபதேசம்! போன வாரம் கீழ இறக்கிக் கொடுத்தேன். கரடிக்கு மீசை வரைஞ்சு வெச்சிருக்கா. நல்லாத்தான் இருக்கு :-)